மூல அறுவைக்குப் பின் வலி: எந்த மரப்பு மருந்து எவ்வளவு நேரம் காக்கும்?

மூல நோய்க்கு அறுவை செய்துகொள்ளத் தயங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால், பலரும் அறுவைக்குப் பிறகு முதல் முறை மலம் கழிக்கும் நேரத்தை நினைத்தே பயப்படுவதாகச் சொல்வார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கத்தி படும் பரப்பை வைத்துப் பார்த்தால் இது சின்ன அறுவை. வலியை வைத்துப் பார்த்தால், வயிற்றைத் திறக்கும் சில பெரிய அறுவைகளுக்கு நிகராக நிற்கும்.

இந்த வலியைத் தணிக்க, அறுவை நடக்கும்போதே அந்த இடத்தில் மரப்பு மருந்து செலுத்தும் வழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. லிக்னோகெயின், பியூபிவகெயின், லெவோபியூபிவகெயின், ரோபிவகெயின், கொழுப்புக் குமிழ்களில் பொதிந்த பியூபிவகெயின் என்று தேர்வுகள் பல. இவற்றில் எது மேல் என்ற கேள்விக்கு விடை தேடி ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன. அவை எதை நிறுவியிருக்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்துக்கு மருந்து உள்ள வேறுபாடு மணிக்கணக்கில் இருக்கிறது. வலியோ நாள்கணக்கில் நீள்கிறது. ஆகவே மருந்தின் பெயரைவிட அதைச் செலுத்தும் இடம், நேரம், அதன் பிறகு செய்யும் ஏற்பாடு ஆகிய மூன்றுமே நோயாளியின் அனுபவத்தை அதிகம் தீர்மானிக்கின்றன.

வலி எங்கிருந்து வருகிறது?

ஆசனவாய்க் குழாயின் உள்ளே, விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உயரத்தில், பல்வரிசை போன்ற ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள சவ்வுக்குக் குடலின் நரம்புகளே வருகின்றன. அவை அழுத்தத்தை உணரும். வெட்டையும் குத்தையும் அவ்வளவாக உணர்வதில்லை. உள் மூலத்துக்கு ரப்பர் வளையம் போடும் சிகிச்சையை மயக்க மருந்து இல்லாமலே செய்ய முடிவது இதனால்தான். கோட்டுக்குக் கீழே நிலைமை வேறு. அங்குள்ள தோல் விரல்நுனி போல உணர்ச்சி மிகுந்தது. முதுகுத்தண்டின் திருவெலும்புப் பகுதியில் இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள நரம்புகளிலிருந்து புறப்படும் புடென்டல் நரம்பின் கிளைகள்தாம் அதற்கு உணர்வு தருகின்றன.

லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மில்லிகன், மார்கன் ஆகியோர் 1937-இல் விவரித்த திறந்த அறுவை முறை இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. அதில் மூலக்கட்டி வெட்டியெடுக்கப்பட்டு, காயம் தைக்கப்படாமல் தானாக ஆற விடப்படுகிறது. 1959-இல் வெளியான ஃபெர்குசன் முறையில் காயம் தைத்து மூடப்படுகிறது. இரண்டிலுமே கோட்டுக்குக் கீழுள்ள தோலில் காயம் விழுகிறது. அதோடு வலி முடிவதில்லை. காயத்தின் எரிச்சலால் உள் சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் இறுகிக்கொள்கிறது. இறுகிய தசைக்கு ரத்தம் குறைகிறது, வலி கூடுகிறது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் மலம் கெட்டியாகிறது. கெட்டி மலம் காயத்தை மறுபடி கிழிக்கிறது. இந்தச் சுழலின் முதல் கண்ணியை மட்டுமே மரப்பு மருந்து அறுக்கிறது. மற்றவற்றுக்கு வேறு கருவிகள் வேண்டும்.

எந்த அறுவை என்பதும் வலியின் அளவைத் தீர்மானிக்கிறது. இத்தாலிய அறுவை மருத்துவர் லாங்கோ 1998-இல் முன்வைத்த ஸ்டேப்ளர் முறையில் வெட்டு கோட்டுக்கு மேலேயே விழுவதால் ஆரம்ப வலி குறைவு. ஆனால் பிரிட்டனில் 777 நோயாளிகளை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஈத்தோஸ் ஆய்வு, இரண்டு ஆண்டுக் கணக்கில் வெட்டியெடுக்கும் பழைய முறையே நோயாளிகளுக்குக் கூடுதல் நன்மை தந்தது என்று காட்டியது. ஆகவே வலி அதிகமுள்ள அந்தப் பழைய முறை வழக்கொழியப் போவதில்லை. வலியைத் தணிக்கும் வழியைத் தேடத்தான் வேண்டும்.

மருந்துகளின் வரிசை

மரப்பு மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நரம்பு இழையின் சோடியம் வாயில்களை அடைத்து, வலிச் செய்தி மேலே போகாமல் தடுக்கின்றன. எவ்வளவு விரைவாக வேலையைத் தொடங்குகின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன, இதயத்துக்கு எவ்வளவு ஆபத்தானவை என்பதில்தான் வேறுபடுகின்றன.

லிக்னோகெயினை சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கினார்; 1948-இல் அது சந்தைக்கு வந்தது. சில நிமிடங்களில் மரத்துப்போகச் செய்யும். தனியாகச் செலுத்தினால் ஒன்று முதல் இரண்டு மணி நேரமும், அட்ரினலின் சேர்த்தால் அதைவிடச் சற்று அதிகமாகவும் நிற்கும். அறுவையைத் தொடங்க நல்ல மருந்து. அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் போதாது. நோயாளி வார்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அதன் வேலை முடிந்துவிடும்.

1957-இல் அதே சுவீடனில் உருவான பியூபிவகெயின் ரத்தப் புரதத்தோடு ஏறத்தாழ 95 சதவீதம் பிணைவது. லிக்னோகெயின் பிணைவதோ சுமார் 65 சதவீதம்தான். திசுக்களில் இறுக்கமாக ஒட்டி நிற்கும் இந்தத் தன்மையால் அது காயத்தைச் சுற்றிச் செலுத்தும்போது ஏறத்தாழ 4 முதல் 8 மணி நேரம் காக்கிறது. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். தமிழ்நாட்டில் மூல அறுவைக்கு முதுகில் போடும் ஊசியில் இருப்பதும் பெரும்பாலும் இதே மருந்தின் அடர்வகைதான். இதன் குறை இதயத்தில் இருக்கிறது. தவறி ரத்தக்குழாயில் அதிக அளவு போய்விட்டால், இதயத் தசையில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. இத்தகைய இதய நிறுத்தங்களைப் பற்றி அமெரிக்க மயக்க மருத்துவர் ஆல்பிரைட் 1979-இல் எழுதிய தலையங்கம் மருத்துவ உலகை உலுக்கியது.

அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தவையே லெவோபியூபிவகெயினும் ரோபிவகெயினும். பியூபிவகெயினில் வலக்கை, இடக்கை போல ஒன்றின் பிம்பமாக மற்றொன்று அமைந்த இரு மூலக்கூறு வடிவங்கள் கலந்திருக்கின்றன. இதயத்தை அதிகம் பாதிக்கும் வடிவத்தை நீக்கி, மற்றதை மட்டும் வைத்தது லெவோபியூபிவகெயின். ரோபிவகெயினும் அதே போன்ற ஒற்றை வடிவ மருந்துதான். 1996-இல் நடைமுறைக்கு வந்தது. கொழுப்பில் கரையும் தன்மை குறைவு என்பதால் தசைகளை அவ்வளவாகத் தளரவிடாமல் வலி நரம்புகளை மரக்கச் செய்கிறது. குறைந்த அடர்த்தியில் ரத்தக்குழாய்களைச் சற்றே சுருக்கவும் செய்யும். அதன் வீரியம் பியூபிவகெயினைவிடச் சற்றுக் குறைவு.

மூல அறுவையில் இந்த மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? வீரியத்துக்கு ஏற்ப அளவைச் சரிசெய்து கொடுத்தால், வலி குறையும் அளவிலும் நீடிக்கும் நேரத்திலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. பாதுகாப்பில்தான் பிந்தைய இரண்டும் ஒரு படி மேல். அதிக அளவு மருந்து தேவைப்படும் இடத்திலும், இதய நோய் உள்ளவரிடத்திலும் ரோபிவகெயினையோ லெவோபியூபிவகெயினையோ தேர்ந்தெடுப்பதற்கு இது போதுமான காரணம். வலி இன்னும் நன்றாகக் குறையும் என்று நம்பித் தேர்ந்தெடுப்பதற்குச் சான்று மெலிது.

எங்கே செலுத்துவது?

மருந்துகளுக்குள் காணாத வேறுபாடு, செலுத்தும் இடத்தை மாற்றும்போது தெரியத் தொடங்குகிறது. காயத்தைச் சுற்றித் தோலடியிலும் தசையோரத்திலும் மருந்தைப் பரப்புவது எளிய முறை. எந்த அறுவை மருத்துவரும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். மருந்தில்லாத உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டால் முதல் சில மணி நேர வலியை இது உறுதியாகக் குறைக்கிறது. இதில் ஆய்வுகளிடையே சண்டை இல்லை. ஆனால் காயமுள்ள இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம். மருந்து விரைவாக உறிஞ்சப்பட்டு, அன்றிரவுக்குள் காவல் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது முறை, புடென்டல் நரம்பையே தேடிப் போய் மரக்கச் செய்வது. இடுப்பெலும்பின் முள் போன்ற முனைக்கு அருகில் அந்த நரம்பு வளைந்து போகிறது. விரலால் அந்த முனையைத் தடவி அறிந்தோ, நரம்பைத் தூண்டும் கருவியைக் கொண்டோ, அல்ட்ராசவுண்ட் பார்த்தோ இருபுறமும் மருந்து செலுத்துகிறார்கள். இந்த முறையில் அதே பியூபிவகெயின் பாதி நாளுக்கும் மேல் காக்கிறது. நரம்புத் தூண்டல் கருவியோடு செய்த பிரேசில் மருத்துவர்கள் சராசரியாக ஒரு நாளை நெருங்கும் நிவாரணத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முதல் 24 மணி நேர வலியும் அபினி வகை மருந்துத் தேவையும் இதில் குறைவதாகச் சொல்கிறார்கள். உள் சுருக்குத்தசையின் இறுக்கத்துக்குக் காரணமான வலித் தூண்டலும் மட்டுப்படுவது கூடுதல் லாபம்.

இதற்கும் விலை உண்டு. மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். அருகிலுள்ள ரத்தக்குழாயில் ஊசி படலாம். மருந்து பரவிக் காலின் பெரிய நரம்பைத் தொட்டால் சில மணி நேரம் கால் தளரும். சுருக்குத்தசை தற்காலிகமாகத் தளர்வதால் காற்றோ கசிவோ கட்டுப்படாமல் போகலாம். எல்லாம் மருந்து இறங்கியதும் சரியாகிவிடும் என்றாலும், நோயாளிக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டிய விஷயங்கள் இவை.

நம் ஊர் நடைமுறையில் இன்னொரு கேள்வியும் எழுகிறது: முதுகில் ஊசி போட்டே அறுவை நடக்கும்போது, கூடவே ஆசனவாயைச் சுற்றியும் ஊசி எதற்கு? முதுகு ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். காலையில் அறுவை என்றால் மதியத்துக்குப் பிறகு வலி ஒரேயடியாக ஏறும். மரப்பு இறங்கும் முன்பே காயத்தைச் சுற்றியோ புடென்டல் நரம்பிலோ நீண்ட நேர மருந்தைச் செலுத்திவிட்டால், அந்தத் திடீர் ஏற்றம் தவிர்க்கப்படுகிறது. ஏற்கெனவே மரத்திருப்பதால் ஊசி குத்துவதும் தெரியாது. முதுகு ஊசிக்குப் பின் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது மூல அறுவையில் அடிக்கடி வரும் தொல்லை. முதுகு ஊசியே இல்லாமல், லேசான உறக்க மருந்தும் புடென்டல் மரப்பும் மட்டும் வைத்துச் செய்தால் அந்தத் தொல்லை குறைவு.

குமிழ்களில் பொதிந்த மருந்து

மரப்பு மருந்தின் நேரத்தை நீட்டும் முயற்சியில் பெரிய பேச்சை எழுப்பியது, நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் பியூபிவகெயினைப் பொதிந்து மெல்ல மெல்லக் கசியவிடும் தயாரிப்பு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 அக்டோபரில் எக்ஸ்பரெல் என்ற பெயரில் இதை அனுமதித்தது. அனுமதிக்கு அடிப்படையான இரண்டு ஆய்வுகளில் ஒன்று மூல அறுவையில் நடந்தது. 189 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வில், 266 மி.கி. மருந்து பெற்றவர்களுக்கு 72 மணி நேரத்தின் மொத்த வலி மதிப்பு 30 சதவீதம் குறைந்தது. முதல் அபினி வகை மருந்து கேட்கும் வரை ஆன நேரம் சுமார் 14 மணி. மற்றவர்களுக்குச் சுமார் ஒரு மணி. மூன்று நாளும் அபினி வகை மருந்தே தேவைப்படாதவர்கள் 28 சதவீதம். மறுபக்கம் 10 சதவீதம்.

எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்குச் செலுத்தப்பட்டது வெறும் உப்புநீர். மருந்து உப்புநீரை வெல்வதில் வியப்பில்லை. மலிவான சாதாரண பியூபிவகெயினை அது எவ்வளவு வெல்கிறது என்பதுதான் மருத்துவரும் நோயாளியும் கேட்கும் கேள்வி. அந்த ஒப்பீட்டைச் செய்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அதிக அளவு குமிழ் மருந்து பெற்றவர்கள் சாதாரண மருந்து பெற்றவர்களைவிடக் குறைந்த வலியைச் சொன்னார்கள். ஆனால் நூறு பேரை நான்கு குழுவாகப் பிரித்த சிறிய ஆய்வு அது.

பிற அறுவைகளில் இந்த மருந்தைப் பற்றிய சான்றுகளைத் திரட்டி, சாதாரண மருந்தைவிடக் கணிசமான மேன்மை தெரியவில்லை என்று முடிவுசெய்த கட்டுரைகளை அனஸ்தீசியாலஜி இதழ் 2021-இல் வெளியிட்டது. தயாரிப்பு நிறுவனமான பசீரா வழக்குத் தொடுத்தது. அறிவியல் கருத்தின் சரிதவறு நீதிமன்றத்தில் முடிவாகும் விஷயமல்ல என்ற நோக்கில் 2022-இல் வழக்கு தள்ளுபடியானது. 2023-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு நின்றது. விலையோ சாதாரண பியூபிவகெயினைவிடப் பல மடங்கு. மூல அறுவையில் இந்த மருந்துக்கு ஓரளவு நன்மை இருக்கிறது என்று ஏற்கலாம். கொடுக்கும் காசுக்கு அந்த நன்மை ஈடாகிறதா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

செலவில்லாமல் நேரத்தை நீட்டும் வழிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. டெக்ஸாமெத்தசோன், குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்றவற்றை மரப்பு மருந்தோடு கலந்தால் சில மணி நேரம் கூடுகிறது. லிக்னோகெயினையும் பியூபிவகெயினையும் கலந்தால் விரைவும் நீடிப்பும் ஒருசேரக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. உண்மையில் கலவையில் ஒவ்வொன்றின் அடர்த்தியும் குறைவதால் நீடிப்பு சுருங்குகிறது. நச்சுத்தன்மையோ குறைவதில்லை; இரண்டினுடையதும் ஒன்றாகக் கூடுகிறது.

பூசும் மருந்துகள்

ஊசியின் காவல் முடிந்த பிறகு வீட்டில் நோயாளி நம்பியிருப்பது களிம்பை. லிக்னோகெயின் ஜெல்லியும் களிம்பும் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. பூசினால் சிறிது நேரம் எரிச்சல் அடங்கும். லிக்னோகெயினும் பிரைலோகெயினும் தலா 2.5 சதவீதம் கலந்த களிம்பு அறுவைக்குப் பின் முதல் சில மணி நேரத்துக்கு உதவுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. திறந்த காயத்தில் மருந்து வேகமாக உறிஞ்சப்படும் என்பதால் தாராளமாக அப்பிக்கொள்வது நல்லதல்ல. பிரைலோகெயின் அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும்.

வியப்பு என்னவென்றால், நாள்கணக்கில் நீளும் வலியில் மரப்பு மருந்து அல்லாத களிம்புகளே நன்றாகச் செயல்படுகின்றன. மெட்ரோனிடசோல் களிம்பு காயத்தின் கிருமிகளையும் அழற்சியையும் குறைத்து வலியைத் தணிக்கிறது. டில்டியாசெமும் கிளிசரில் டிரைநைட்ரேட்டும் உள் சுருக்குத்தசையைத் தளர்த்துகின்றன. பின்னது பலருக்குத் தலைவலி தருகிறது. வயிற்றுப் புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டைக் களிம்பாக்கிப் பூசியபோது வலி குறைந்து காயமும் விரைவாக ஆறியதாக 2008-இல் இந்திய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று தெரிவித்தது. வலிச் சுழலின் மற்றக் கண்ணிகளை அறுப்பவை இவைதாம்.

அளவும் ஆபத்தும்

காயத்தைச் சுற்றிச் செலுத்தும்போது பியூபிவகெயினுக்கு உடல் எடை கிலோவுக்கு 2 மி.கி. என்பது எச்சரிக்கையான உச்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மி.கி. அதாவது 0.5 சதவீதக் கரைசலில் 24 மி.லி.; 0.25 சதவீதத்தில் 48 மி.லி. ரோபிவகெயினுக்கு கிலோவுக்கு 3 மி.கி.; அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயினுக்கு 7 மி.கி. மூல அறுவைக்கு வழக்கமாகத் தேவைப்படும் 20 முதல் 40 மி.லி. மருந்தை 0.25 சதவீதத்தில் கொடுத்தால் எல்லைக்குள் நிற்கலாம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சம் என்று எண்ணுவது தவறு. இரண்டின் பங்கையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

வாயைச் சுற்றி மரத்துப்போதல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அடுத்து வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. இதற்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைச் சிரையில் ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. எலிகளில் அது பயன்படுவதை வைன்பெர்க் 1998-இல் காட்டினார். 2006-இல் மனிதர் ஒருவர் இதனால் பிழைத்த செய்தி வெளியானது. மரப்பு மருந்து பயன்படுத்தும் எந்த அறுவை அரங்கிலும் இந்தக் கரைசல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

இத்துறையின் ஆய்வுகளில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. முதலாவது, சமமற்ற ஒப்பீடு. 0.75 சதவீத ரோபிவகெயினை 0.25 சதவீத பியூபிவகெயினோடு வைத்துவிட்டு ரோபிவகெயின் வென்றது என்றால், வென்றது அடர்த்தியாகவும் இருக்கலாம். இரண்டாவது, அளக்கும் நேரம். பெரும்பாலான ஆய்வுகள் 24 மணி நேரத்தோடு நின்றுவிடுகின்றன. நோயாளியின் கொடிய நேரமான முதல் மலம் கழிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் வருகிறது. காயம் ஆற வாரங்கள் ஆகின்றன. மூன்றாவது, புள்ளிவிவர வெற்றியை நோயாளியின் நிம்மதியாக எண்ணிக்கொள்வது. நூறுக்கு அளக்கும் வலி அளவுகோலில் ஏறத்தாழ 10 புள்ளி குறைந்தால்தான் நோயாளிக்கு வேறுபாடு உறைக்கிறது. அதற்கும் குறைவான வேறுபாடுகள் கணக்கில் வெல்லும், படுக்கையில் தெரியாது.

தீர்ப்பு

அறுவை வாரியாக வலி நிவாரணத்தை ஆராயும் புராஸ்பெக்ட் என்ற ஐரோப்பியக் குழு 2023-இல் புதுப்பித்த பரிந்துரையும் ஒரு மருந்தை மட்டும் நம்பவில்லை. பாரசிட்டமால், அழற்சி நீக்கும் வலி மாத்திரை, டெக்ஸாமெத்தசோன், இருபுற புடென்டல் மரப்பு, மலமிளக்கி, மெட்ரோனிடசோல் போன்ற களிம்புகள் ஆகியவற்றை அது சேர்த்தே சொல்கிறது. டிரமடால் போன்ற அபினி வகை மருந்துகளைக் கடைசிக் கையிருப்பாக வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அவை மலச்சிக்கலை உண்டாக்கி, அறுக்க நினைத்த சுழலை மறுபடி கட்டிவிடும்.

மருந்துகளை மட்டும் வரிசைப்படுத்தச் சொன்னால்: தொடக்கத்துக்கு லிக்னோகெயின், முதல் நாளுக்கு பியூபிவகெயின், இதயக் கவலை இருந்தால் ரோபிவகெயின் அல்லது லெவோபியூபிவகெயின். மலிவான பியூபிவகெயினைப் புடென்டல் நரம்பில் சரியாகச் செலுத்தும் மருத்துவர், விலையுயர்ந்த மருந்தைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துபவரைவிடக் குறைந்த நிவாரணம் தருவார் என்று சொல்லச் சான்று இல்லை. நம் மருத்துவக் கல்லூரிகள் செய்ய வேண்டிய ஆய்வும் இதுவே: சாதாரண பியூபிவகெயின், சமமான அளவு, இரண்டு இடங்கள், ஒரு வாரம் வரை அளவீடு.

அறுவைக்குப் போகிறவர் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். முதுகு ஊசி இறங்கிய பிறகு வலிக்கு என்ன ஏற்பாடு? ஊசியின் காவல் முடியும் முன்பே மாத்திரை தொடங்கிவிடுமா? மலம் இளகுவதற்கு எந்த நாளிலிருந்து மருந்து? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்துவிட்டால், ஊசியில் இருப்பது எந்த மருந்து என்பது இரண்டாம் பட்சம்தான்.